எதிர்ப்பது பாதி, பொறுப்பது மீதி

2006 மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், ஆரோக்கியமான ஆறு ஆண்களின் ரத்தநாளத்தில் ஒரு புதிய மருந்து ஏற்றப்பட்டது. ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்களைத் தூண்டுவதற்காக ஒரு ஜெர்மானிய நிறுவனம் உருவாக்கிய மருந்து அது. குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தீங்கு எதுவும் தெரியவில்லை. விலங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500இல் ஒரு பங்குதான் இந்த ஆறு பேருக்கும் தரப்பட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், காய்ச்சல் என்று தொடங்கி, மறுநாளுக்குள் நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழந்து ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். அதிக அளவு ஸ்டீராய்டும் செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் அவர்களைக் காப்பாற்றின. ஒருவர் கால் விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

அவர்கள் உடலில் எந்தக் கிருமியும் நுழையவில்லை. அவர்களுடைய சொந்த நோய் எதிர்ப்பு சக்தி ஒரே மூச்சில், தடையின்றித் தூண்டிவிடப்பட்டது. நடந்தது அவ்வளவுதான்.

இந்தச் சம்பவத்தைத் தமிழ் வாசகர்களுக்கு இப்போது நினைவூட்டக் காரணம் இருக்கிறது. கரோனா காலம் தொட்டு, ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்ற வாசகம் சத்துமாவு, தேன், சூரணம், பழச்சாறு, சத்து மாத்திரை என்று எல்லா டப்பாவிலும் ஏறிவிட்டது. சக்தி என்றால் கூடக் கூட நல்லது என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. நோயெதிர்ப்பியலின் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு சொல்வதோ வேறு. எதை எதிர்ப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது, எப்போது நிறுத்துவது என்று உடல் எடுக்கும் முடிவுகளில்தான் பாதுகாப்பு இருக்கிறது. இந்தப் பாடம் ஆய்வுக்கூடங்களைத் தாண்டி, விளம்பரங்களுக்கும் பள்ளி வகுப்பறைகளுக்கும் இன்னும் போதுமான அளவு வந்து சேரவில்லை.

கரோனாவே இதற்குச் சாட்சி. 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. அந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை. நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும். கடும் கரோனாவில் நுரையீரலைச் சிதைத்ததில் வைரஸுக்கு மட்டுமல்ல, கட்டுக்கடங்காமல் பொங்கிய எதிர்ப்புக்கும் பெரும் பங்கு இருந்தது. ஊரெல்லாம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத் தணித்துத்தான் மருத்துவர்கள் உயிர்களை மீட்டார்கள்.

நோய் எதிர்ப்பைப் போராக மட்டும் பார்க்கும் பழக்கம் இந்தத் துறையின் தொடக்கத்தில் இல்லை. 1880களில் லூயி பாஸ்டர் கோழிக் காலராவுக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் வெறிநாய்க்கடிக்கும் தடுப்பூசி கண்டபோது, அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அவரிடம் இருந்த முதல் விளக்கம், கிருமிக்குத் தேவையான ஏதோ ஒரு சத்து உடலில் தீர்ந்துபோகிறது என்பதுதான். உடல் அங்கே வெறும் நிலம். ஒருமுறை விளைந்தால் மறுமுறை விளையாத நிலம். உடல் தானாக ஒரு காரியம் செய்கிறது என்ற எண்ணத்தை அழுத்தமாகக் கொண்டுவந்தவர் மருத்துவரே அல்லாத ஒரு விலங்கியலாளர்.

இலியா மெச்னிகாஃப் ரஷ்யப் பேரரசின் ஒடெசா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அரசியல் கொந்தளிப்பில் வேலையை விட்டுவிட்டு, 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். மற்றவர்கள் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாளில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர், தோட்டத்து ரோஜா முட்களை எடுத்து அவற்றின் தோலுக்குள் செருகினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. அயல் பொருளை விழுங்கும் செல்கள் என்ற கருத்து அந்தக் காட்சியிலிருந்து வளர்ந்தது.

பாடப்புத்தகங்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. மெச்னிகாஃபை உண்மையில் அரித்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. பல்லாயிரம் செல்கள் சேர்ந்த ஓர் உயிர் எப்படி ஒன்றாக இருக்கிறது? தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எங்கே போகிறது? விழுங்கும் செல்கள் அந்த வாலின் தசையையும் தின்று தீர்ப்பதை அவர் விவரித்தார். கிருமியை உண்பதும், வேண்டாத வாலை உண்பதும், தேய்ந்த செல்லை அகற்றுவதும் ஒரே வேலையின் பகுதிகள். உடல் தன்னைத் தானே ஓயாமல் திருத்தி அமைத்துக்கொள்கிறது. காவல் அந்தப் பெரிய வேலையின் ஒரு பக்கம் மட்டுமே. அமெரிக்க மருத்துவரும் தத்துவ அறிஞருமான ஆல்ஃப்ரெட் டாபர் 1990களில் எழுதிய நூல்களில் மெச்னிகாஃபின் இந்தப் பார்வையைத் தூசு தட்டி எடுத்துக் காட்டினார். அது நூறாண்டு புதைந்து கிடந்தது இந்தத் துறைக்குப் பெரிய நட்டம்.

புதைந்ததற்குக் காரணம் பெர்லின். 1890இல் எமில் ஃபான் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாடோ ஷிபாசபுரோவும், தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றின் நஞ்சை முறிக்கும் பொருள் ரத்தத்தின் தெளிநீரிலேயே இருப்பதைக் காட்டினார்கள். பின்னால் ஆன்டிபாடி என்று நாம் அறிந்துகொண்ட பொருள் அது. மரணப் படுக்கையிலிருந்து குழந்தைகளை எழுப்பிய சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. செல்களா, தெளிநீரா என்று, மெச்னிகாஃப் பின்னர் சேர்ந்த பாரிஸும் பெர்லினும் ஆண்டுக்கணக்கில் மோதின. 1908இல் நோபல் குழு மெச்னிகாஃபுக்கும் பெர்லின் தரப்பின் பால் எர்லிக்குக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தது. இருவர் சொன்னதும் உண்மை என்பது இன்று தெளிவு.

எர்லிக்கின் இன்னொரு முடிவு இதைவிட நீண்ட நிழலை விட்டுச்சென்றது. அவரும் யூலியஸ் மோர்கன்ராத்தும் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்தினார்கள். மற்ற ஆட்டின் ரத்தத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவானது. தன் ரத்தத்துக்கு எதிராக உருவாகவில்லை. உடலுக்குத் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதில் ஒரு பேரச்சம் இருக்கிறது என்று எர்லிக் எழுதினார். அத்தகைய தீங்கைத் தடுக்கும் ஏற்பாடுகள் உடலில் இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. அடுத்த தலைமுறை அதை ‘அப்படி நடக்கவே நடக்காது’ என்று இறுக்கிப் படித்தது. 1904இலேயே வியன்னாவில் டோனாத்தும் லாண்ட்ஸ்டெய்னரும், குளிர் பட்டதும் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போவது அவர்களுடைய சொந்த ஆன்டிபாடி சொந்த ரத்த அணுக்களை உடைப்பதால்தான் என்று நிரூபித்தார்கள். ஆதாரம் மேசைமேல் இருந்தது. கோட்பாடு அதைப் பார்க்கவிடவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ் என்ற இளம் ஆய்வாளர் முயல்களின் தைராய்டு சுரப்பியில் ஒரு பகுதியை எடுத்து, அதன் சாற்றை அதே முயல்களுக்கு ஊக்கப் பொருள் கலந்து செலுத்தினார். முயல்கள் தம் தைராய்டுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்தன, சுரப்பி சிதைந்தது. அவருடைய தலைவர் எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கி, எர்லிக்கின் சீடருடைய சீடர். கண்ணால் கண்டதை நம்பவே தயங்கினார். 1956இல் அந்த ஆய்வு வெளிவந்த அதே காலத்தில், லண்டனில் டெபோரா டோனியாக்கும் ஐவன் ராயிட்டும் ஹாஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் ரத்தத்தில் அதே வகை ஆன்டிபாடியைக் கண்டார்கள். இன்று நம் ஊர்களில் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடும் பெண்களில் எத்தனையோ பேருக்கு நோயின் மூலம் இதுதான். முடக்குவாதம், லூபஸ், சிறுவயதில் வரும் டைப் 1 சர்க்கரை நோய் எல்லாம் ஆட்டோஇம்யூன் நோய்கள் என்னும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த நோயாளிகளிடம் போய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டச் சொல்வது அறியாமையால் செய்யும் கொடுமை.

பிறகு வந்தவர் ஆஸ்திரேலியரான மெக்ஃபார்லேன் பர்னெட். உடல் எப்படித் ‘தான்’ எது, ‘அயல்’ எது என்று பிரித்தறிகிறது என்ற கேள்வியை 1949இல் அவரும் ஃபிராங்க் ஃபென்னரும் துறையின் மையத்தில் நிறுத்தினார்கள். பிறவியில் எழுதி வைத்த விதியாக அல்லாமல், கருவாக இருக்கும்போதே உடல் கற்றுக்கொள்ளும் பாடமாக அதை அவர்கள் பார்த்தார்கள். அந்தக் கருத்துக்கு விதை போட்டவை மாடுகள். 1945இல் விஸ்கான்சினில் ரே ஓவன், கருப்பையில் ரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள் வளர்ந்த பிறகும் ஒன்றின் ரத்த அணுக்களை மற்றது ஏற்றுச் சுமப்பதைக் கண்டறிந்திருந்தார். உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டும் சிக்கலில் தொடங்கிய பீட்டர் மெடவார், 1953இல் பில்லிங்ஹாம், பிரெண்ட் ஆகியோருடன் சேர்ந்து, கருவிலேயே வேறொரு இனத்தின் செல்கள் செலுத்தப்பட்ட எலி பின்னாளில் அந்த இனத்தின் தோலை ஏற்றுக்கொள்ளும் என்று காட்டினார். 1960இன் நோபல் பர்னெட்டுக்கும் மெடவாருக்கும் போனது. ஓவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை, கிடைத்திருக்க வேண்டும்.

சகிப்பு என்பதை உடல் கற்றுக்கொள்ளும் ஒரு திறனாக இந்த ஆய்வுகள் நிறுவின. மருத்துவ உலகமும் பொதுமக்களும் எடுத்துக்கொண்டதோ ‘தானும் அயலும்’ என்ற கோட்டை மட்டும். தான் என்றால் நண்பன், அயல் என்றால் பகைவன் என்று அது சுருங்கியது. அந்தக் கோடு உடலில் எங்கும் அப்படி நேராக ஓடவில்லை. ஒரு மனிதரின் உடலில் அவருடைய சொந்தச் செல்களுக்கு ஏறக்குறைய ஈடான எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெருங்குடலில் இருக்கும் அவற்றை எதிர்ப்பு மண்டலம் கண்காணித்துக்கொண்டே வாழவிடுகிறது. தினமும் உண்ணும் சோறும் பருப்பும் மீனும் அயல் பொருள்களே. பாதி மரபணு தந்தையுடையதாக இருக்கும் கருவைத் தாயின் உடல் பத்து மாதம் சுமக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று மெடவாரே 1953இல் கேட்டார். மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு தாயின் ரத்தத்தில் அந்த மகனின் செல்கள் இருந்ததை 1996இல் டயானா பியான்கியின் குழு கண்டது. அந்தச் செல்லைத் தான் என்பதா, அயல் என்பதா?

அந்தக் கோட்டுக்கு மாற்றுத் தேடியவர்களும் இருந்தார்கள். 1989இல் நோயெதிர்ப்பியலாளர் சார்ல்ஸ் ஜேன்வே, கிருமிகளின் பொதுவான அடையாளங்களைத் தொன்மையான ஒரு காவல் முறை முதலில் உணர்ந்து சொன்னால்தான் மற்ற அணுக்கள் இயங்கும் என்று வாதிட்டார். 1994இல் பாலி மாட்சிங்கர், அயலானதா என்று உடல் பார்ப்பதில்லை, ஆபத்தானதா என்றுதான் பார்க்கிறது என்றார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தாமஸ் பிராடு, திடீர் மாற்றமா, படிப்படியான மாற்றமா என்பதே உடலின் அளவுகோல் என்று 2012இல் ஒரு நூலே எழுதினார். எந்தக் கோட்பாடும் முழுமையாக வெல்லவில்லை. ஆனாலும், வந்தவனையெல்லாம் அடிக்கும் படை என்ற சித்திரத்துக்கு இவற்றில் எதிலும் இடமில்லை.

பொறுமைக்கென்றே உடலில் தனி அணுக்கள் இருப்பது உறுதியான கதை இதைவிடச் சுவையானது. எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் இருக்கின்றன என்று 1970களில் ரிச்சர்ட் கெர்ஷன் உள்ளிட்டோர் சொன்னார்கள். அவற்றுக்கு அடையாளமாகக் கருதப்பட்ட மரபணு, சொன்ன இடத்தில் இல்லவே இல்லை என்று 1980களில் தெரியவந்ததும் அந்த ஆய்வுத் துறையே அவப்பெயரில் கவிழ்ந்தது. அந்தப் பக்கம் தலைவைக்கவே விஞ்ஞானிகள் அஞ்சிய காலத்தில் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி விடாமல் தேடினார். டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி பிறந்து மூன்றாம் நாளில் நீக்கப்பட்ட எலிகளின் எதிர்ப்பு மண்டலம் சொந்த உறுப்புகளையே தாக்குவதையும், ஆரோக்கியமான எலியின் டி செல்களைக் கொடுத்தால் அது அடங்குவதையும் கண்டிருந்தார். 1995இல் அந்த அணுக்களை அடையாளம் காட்டினார். 2001இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், பிறந்து சில வாரங்களில் செதில் செதிலாகத் தோல் உரிந்து சாகும் ஒரு வகை எலியில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த எலிகள் 1940களில் அணுகுண்டுத் திட்டத்தோடு தொடர்புடைய ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தோன்றியவை. அதே மரபணு கெட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளின் குடலையும் கணையத்தையும் தோலையும் அவர்களுடைய எதிர்ப்பு மண்டலமே தின்றுவிடுகிறது. சகாகுச்சி கண்ட அணுக்களை இயக்குவது இந்த மரபணுதான் என்பது 2003இல் உறுதியானது. 2025இன் மருத்துவ நோபல் இந்த மூவருக்கும் கிடைத்தது. எர்லிக் ஊகித்த ‘தடுக்கும் ஏற்பாடுகள்’ கையில் சிக்க ஒரு நூற்றாண்டு ஆனது.

தமிழ்நாட்டு மண்ணும் இந்தப் பாடத்தை உலகுக்குச் சொல்லியிருக்கிறது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் மிகப் பெரிய பரிசோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளிடம் காசநோயை ஏறக்குறைய 80 சதவீதம் தடுத்த அதே ஊசி, செங்கல்பட்டில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. 1979இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. ஊசியின் தரத்தில் குறை சொன்னவர்கள் உண்டு. இன்று பரவலாகப் பேசப்படும் விளக்கம் வேறு: இங்குள்ள மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினர்கள் ஏராளம். அவற்றோடு பழகிய உடலுக்கு அந்த ஊசி புதிதாகக் கற்றுக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. நோய் எதிர்ப்பு ஒரு தனி ஆளின் உடம்புக்குள் மட்டும் இருப்பதில்லை. ஊர், மண், வளர்ந்த காலம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பச்சிளம் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் காசநோயிலிருந்து காப்பதால்தான் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது இன்றும் தொடர்கிறது. அதைத் தவறவிடக் கூடாது.

தொழுநோய் சொல்லும் பாடம் இன்னும் கூர்மையானது. ஒரே கிருமி, ஆனால் ஒருவருக்கு ஓரிரண்டு உணர்ச்சியற்ற தேமல், இன்னொருவருக்கு உடலெங்கும் கோடிக்கணக்கில் கிருமி. ரிட்லியும் ஜாப்லிங்கும் 1966இல் வகுத்த அட்டவணைப்படி, இந்த வேறுபாடு கிருமியால் வருவதல்ல, நோயாளியின் எதிர்ப்பால் வருவது. எதிர்ப்பு பலமாக இருப்பவரிடம் கிருமி குறைவு. ஆனால் அந்தப் பலமே நரம்பைச் சிதைக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, நரம்பு செத்து உணர்வு போனதால் காயம்பட்டுத் தேய்கின்றன என்று உலகுக்குக் காட்டினார். அந்த நரம்புச் சாவில் பெரும்பங்கு கிருமியை எதிர்த்த உடலின் வேலை. மருந்து கிருமியைக் கொன்ற பிறகும், செத்த கிருமியின் மிச்சத்தின் மீது எதிர்ப்பு பாய்ந்து நரம்பு வீங்கும். அப்போது மருத்துவர்கள் ஸ்டீராய்டு கொடுத்து அதை அடக்கிக் கையையும் காலையும் காப்பாற்றுகிறார்கள்.

சக்தி குறைந்தால் ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் ஆபத்துதான். சத்துக் குறைவான குழந்தைக்குத் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் எமன்; எச்.ஐ.வி. தொற்றியவரின் நிலையை நாடறியும். பசித்த பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் கொடுப்பது குறையை நிரப்புவது. அதை அரசு செய்கிறது, இன்னும் செய்ய வேண்டும். தடுப்பூசியும் பொதுவான ‘சக்தி’ எதையும் ஏற்றுவதில்லை. ஒரு குறிப்பிட்ட கிருமியின் அடையாளத்தை உடலுக்கு நினைவூட்டி வைக்கிறது. வயிறு நிறையச் சாப்பிடும் ஒருவருக்கு ஏதோ ஒரு பொடியால் எதிர்ப்பு சக்தி கூடும் என்பதும் இவையும் ஒன்றல்ல. ஒருவரின் மொத்த நோய் எதிர்ப்பு சக்தி இவ்வளவு என்று ஒற்றை எண்ணில் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை கிடையாது. அளக்க வழியில்லாத ஒன்றைக் கூட்டிக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது மோசடி.

அந்த விளம்பரங்களால் மற்றவர்களைவிட அதிகம் இழக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தில் தமிழ்நாடு 2008 முதல் நாட்டுக்கு வழிகாட்டி வருகிறது. அந்தச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் இதயத்தையும் பெற்றவர்கள், எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் நேரம் தவறாமல் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களும், முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் சிகிச்சை எடுப்பவர்களும் விளம்பரத்தை நம்பி மருந்தை நிறுத்தினால், எதிர்ப்பைக் கூட்டும் எதையாவது கேட்காமல் விழுங்கினால், இழப்பு திரும்ப வராதது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள், ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று அச்சிடும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் எந்த அணுவை, எந்த நோய்க்கு எதிராக, எந்த மனிதப் பரிசோதனையில் என்று ஆதாரம் கேட்க வேண்டும். தராதவர்களின் வாசகத்தை நீக்க வேண்டும். பள்ளி உயிரியல் பாடத்தில் படைவீரர் படத்துக்குப் பக்கத்தில் ஓவனின் கன்றுகளுக்கும் சகாகுச்சியின் எலிகளுக்கும் செங்கல்பட்டின் பரிசோதனைக்கும் இடம் தர வேண்டும். வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: வீட்டில் ஆட்டோஇம்யூன் நோயாளியோ உறுப்பு மாற்று பெற்றவரோ இருந்தால், புதிதாக எந்தப் பொடியையும் கஷாயத்தையும் கொடுப்பதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.